கணக்கு தெரிந்த வானம்பாடி

ஹென்ரிக் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்துக்கு எந்தக் கைடைப் புரட்டினாலும் நோரா ஹெல்மருக்கு ஒரே ஜாதகம்தான் எழுதியிருக்கிறது. முதல் அங்கத்தில் அவள் விளையாட்டுப் பிள்ளை. காசின் அருமை தெரியாதவள், தின்பண்டத்துக்கு அலைபவள், புருஷனின் செல்லம். மூன்றாம் அங்கத்தில் அவளுக்கு ஞானம் பிறக்கிறது. கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளில் தொடங்கி மூன்று நாளைக்குள் ஒரு குழந்தை பெரிய மனுஷி ஆகிவிடுகிறது. நாடகத்தைக் கொண்டாடுகிறவர்கள் இதைப் 'பெண்ணின் விழிப்பு' என்கிறார்கள். குறை சொல்கிறவர்கள், மூன்று நாளில் யாராவது இப்படி மாறுவார்களா என்று கேட்கிறார்கள். சண்டை பலமாக நடக்கிறது. ஆனால் முதல் காட்சியில் அவள் குழந்தை என்பதில் இரண்டு கட்சிக்கும் சந்தேகமே இல்லை. நான் மறுக்க வருவது அதைத்தான்.

மறுப்பு முதலில் என்னுடையதும் அல்ல. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தும் நண்பர் ஒருவர், இரண்டாமாண்டு மாணவி எழுதிய விடைத்தாளைக் காட்டினார். தொடக்கக் காட்சியில் நோராவின் குணம் எப்படி வெளிப்படுகிறது என்பது கேள்வி. அந்தப் பெண் கைடு பக்கமே போகவில்லை. வீட்டுக்குள் நுழைந்த நொடியிலிருந்து கணவன் காதில் எது விழலாம், எது விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் நோரா நடந்துகொள்கிறாள் என்று எழுதியிருந்தாள். ஹெல்மர் கணக்கைப் பற்றிப் பேசுகிறார், நோரா கணக்குப் பார்க்கிறாள் என்று இன்னொரு வரி. இவளைப் பார்த்தால் பாவமாக இல்லை, கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது என்று முடித்திருந்தாள். பத்துக்கு மூன்று மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில், தொடக்கக் காட்சியை மட்டும் எழுதவும் என்று ஒரு குறிப்பு.

"முடிவு தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பத்தைப் படிச்சிருக்கா சார்," என்றார் நண்பர். "ஓப்பனிங் சீன்ல அந்தக் கடன் விஷயமே வரலியே!"

"மக்ரூன் வருதுல்ல?" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

திரை உயரும்போது மேடையில் யாரும் இல்லை. குளிர்கால நாள். கணப்பில் நெருப்பு எரிகிறது. பியானோ, சுவரில் படங்கள், அலமாரியில் நல்ல பைண்டிங் போட்ட புத்தகங்கள். வசதி தெரிகிறது, ஆடம்பரம் தெரியவில்லை. ஒரு கதவு வெளிக்கூடத்துக்கு, இன்னொன்று ஹெல்மரின் அறைக்கு. மணி அடிக்கிறது. நோரா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு கைநிறையப் பொட்டலங்களோடு வருகிறாள். பின்னால் ஒரு கூலியாள், கிறிஸ்துமஸ் மரமும் கூடையுமாக. வேலைக்காரி ஹெலனாவிடம் நோரா சொல்லும் முதல் காரியம், மரத்தை ஒளித்துவை, சாயங்காலம் அலங்காரம் முடியும்வரை பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்பது. கூலி எவ்வளவு என்று கேட்கிறாள். ஐம்பது ஓரே, அதாவது அரைக் குரோன். ஒரு குரோனைக் கொடுத்து மீதியை அவனையே வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். கதவு சாத்தப்படுகிறது. தனக்குத்தானே சிரித்தபடி கோட்டைக் கழற்றுகிறாள். பையிலிருந்து மக்ரூன் பொட்டலத்தை எடுத்து ஒன்றிரண்டு தின்கிறாள். பிறகு ஓசையில்லாமல் கணவன் அறைக் கதவருகே போய்க் காது கொடுத்துக் கேட்கிறாள்.

இவ்வளவும் ஹெல்மர் குரல் கொடுப்பதற்கு முன்னால் நடக்கிறது. இதுதான் என் வாதத்தின் அடித்தளம். நோரா யார் என்று ஹெல்மர் நமக்குச் சொல்வதற்கு முன்பே, ஹெல்மருக்குத் தெரியாத நோராவை இப்சன் நமக்குக் காட்டிவிடுகிறார். அறைக்குள்ளிருந்து வானம்பாடி, அணில் என்று அவர் கொஞ்சத் தொடங்கும்போது, அந்த அணில் வாயைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பைக்குள் தள்ளுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சுகிறவர் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து, இன்று இனிப்புக் கடைப் பக்கம் போனாயா என்று அவர் விரலை ஆட்டிக் கேட்பார். அவள் கண்ணை நேராகப் பார்த்து இல்லை என்பாள். அவர் நம்புவார். நமக்கு உண்மை தெரியும். நாடகம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் பார்வையாளனுக்கு வீட்டுக்காரரைவிட வீட்டைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் ஒருவர் ஹெல்மர் சொல்லும் நோராவையே எடுத்துக்கொண்டு கேரக்டர் ஸ்கெட்ச் எழுதினால், அவர் நாடகம் பார்க்கவில்லை. ஹெல்மரின் அறைக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மாணவிக்கு முடிவு தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அவள் எழுதியதற்குக் கடைசி அங்கம் தேவைப்படவில்லை. மக்ரூனும் கதவும் போதும்.

(நம்மூரில் மக்ரூன் என்றால் முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்த தூத்துக்குடிச் சரக்கு. நோரா தின்பது பாதாம் போட்டது. திருட்டுத்தனமாகத் தின்றால் இரண்டும் ஒன்றுதான்.)

பல் கெட்டுவிடும் என்று கணவன் தடை போட்டிருக்கும் இனிப்பை ஒளித்துத் தின்பது குழந்தைத்தனம்தானே என்று கேட்பார்கள். தின்பது வேண்டுமானால் குழந்தைத்தனமாக இருக்கட்டும். கதவில் காது வைப்பது எந்த வகை? உள்ளே ஆள் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்ட பிறகு அவள் மறுபடி பாடத் தொடங்குகிறாள். இந்த இடத்தை நடிகை எப்படிச் செய்கிறாள் என்பதில் நாடகமே இருக்கிறது. உள்ளே வரும்போது பாடியது தனக்காக. இப்போது பாடுவது அறைக்குள் இருப்பவர் காதுக்காக. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அவர் வானம்பாடி என்கிறார்.

அடுத்தது ஹெல்மர் வெளியே வரும் நேரம். வாங்கியதைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டதும் தொந்தரவு செய்யாதே என்கிறார். கொஞ்சம் கழித்துத்தான் 'வாங்கியது' என்ற சொல் உறைக்கிறது. கையில் பேனாவோடு கதவைத் திறந்து, வாங்கினாயா, இத்தனையுமா என்கிறார். மனைவியின் அழைப்புக்கு வராத மனிதரைச் செலவு வெளியே இழுத்துவருகிறது. இப்படி ஒரு வரவை அமைத்த நாடகாசிரியர், வெகுளிப் பெண்ணை அறிமுகப்படுத்துவது மட்டும்தான் தன் வேலை என்று நினைத்திருப்பாரா?

பேச்சு முழுக்கப் பணம். புத்தாண்டிலிருந்து அவருக்கு வங்கியில் மேலாளர் பதவி. சம்பளம் கைக்கு வர ஒரு காலாண்டு ஆகும். அதுவரை கடன் வாங்கிக்கொள்ளலாமே என்று நோரா விளையாட்டாகச் சொல்கிறாள். அவர் அவள் காதைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துகிறார். ஆயிரம் குரோன் கடன் வாங்கி, நீ அதைப் பண்டிகை வாரத்தில் தீர்த்துவிட்டு, புத்தாண்டுக்கு முந்தின இரவு கூரை ஓடு விழுந்து என் மண்டை உடைந்தால் என்ன ஆகும்? அப்படி ஒன்று நடந்தால் கடன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்கிறாள் அவள். கடன் கொடுத்தவர்கள் கதி? அவர்கள் யாரோ, எனக்கென்ன? கைடுக்காரர்கள் அடிக்கோடு போடும் இடம் இது. பொறுப்பில்லாதவள் என்பதற்குச் சான்று. ஆனால் ஹெல்மர் கடன் பட்ட வீட்டின் இழிவைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவள் உங்கள் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணப்புப் பக்கம் நகர்கிறாளே, அதற்கு யாரும் அடிக்கோடு போடுவதில்லை. இந்த அங்கம் முடிவதற்குள் நமக்குத் தெரிந்துவிடும்: கணவனைக் காப்பாற்ற இத்தாலிக்கு அழைத்துப்போவதற்காக அவள் வாங்கிய கடன் 4,800 குரோன். ஹெல்மர் பயமுறுத்துவதற்காகக் கற்பனை செய்யும் தொகையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு.

பிறகு அவர் பர்ஸை எடுக்கிறார். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று எண்ணிக் கொடுக்கிறார். அவள் துள்ளுகிறாள். உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டால், பணமாகவே கொடுங்கள், தங்கத் தாளில் சுற்றி மரத்தில் தொங்கவிடுகிறேன் என்கிறாள். எவ்வளவு வெகுளி என்கிறது கைடு. பரிசுப்பொருளை விற்றால்தான் காசு. பணமாகவே வந்தால் கடன் தவணைக்கு அப்படியே போகும். இதைக் கேட்கும் விதம் குழந்தையுடையது, கேட்கும் காரணம் கடனாளியுடையது. விதத்தை மட்டும் குறித்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடுவது திருத்துகிறவர்களின் பழக்கம். அவர் எண்ணிக் கொடுத்த நாற்பது குரோன், கடனில் நூற்றிருபதில் ஒரு பங்கு.

அந்தக் காலச் சட்டத்தை இங்கே நினைவில் வைக்காவிட்டால் இந்தக் கெஞ்சலின் பொருள் விளங்காது. நார்வேயில் மணமாகாத வயதுவந்த பெண்கள் 1863-லேயே தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் சட்ட உரிமை பெற்றார்கள். திருமணம் செய்தால் அது போய்விடும். மணமான பெண்ணுக்குத் தன் சம்பாத்தியத்தின் மேல் அதிகாரம் 1888-ல்தான் வந்தது. நாடகம் 1879 டிசம்பரில் அச்சாகி, அதே மாதம் கோபன்ஹேகனில் மேடையேறிவிட்டது. கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்று கிறிஸ்தினா லிண்டே என்ற தோழி முதல் அங்கத்திலேயே சொல்கிறாள். ஆக, நோராவின் கைக்குப் பணம் வர நியாயமான வழி ஒன்றே ஒன்று: ஹெல்மரின் பர்ஸ். அந்தப் பர்ஸ் அணிலுக்குத்தான் திறக்கும். சமமாக உட்கார்ந்து வீட்டுச் செலவு பேசும் மனைவிக்குத் திறக்குமா என்று அவள் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்கும் நிலையிலும் அவள் இல்லை.

இந்தக் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது போகிறபோக்கில் ஹெல்மர் நினைவுகூரும் ஒரு பழைய கிறிஸ்துமஸ். போன வருடம் மூன்று வாரம் தினமும் நள்ளிரவு தாண்டும்வரை கதவைத் தாழிட்டுக்கொண்டு மரத்துக்கு அலங்காரப் பூ செய்தாய், என் வாழ்நாளில் அப்படிச் சலித்துப்போனதில்லை என்று குறைப்படுகிறார். எனக்குச் சலிக்கவே இல்லை என்கிறாள் நோரா. கடைசியில் ஒன்றும் தேறவில்லையே என்று அவர் கிண்டல் செய்கிறார். பூனை வந்து எல்லாவற்றையும் கிழித்துப்போட்டால் நான் என்ன செய்வது என்கிறாள். கொஞ்ச நேரத்தில் தோழியிடம் உண்மை வருகிறது. அந்த மூன்று வாரமும் அவள் செய்தது பிரதி எடுக்கும் வேலை. இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிச் சம்பாதித்தாள். களைத்துப்போனாலும் ஓர் ஆண்பிள்ளையைப் போல உழைத்த மகிழ்ச்சி இருந்தது என்று பெருமைப்படுகிறாள். அவளுக்கு ஏன் சலிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. பூனையைப் பற்றியும் நாமே முடிவு செய்துகொள்ளலாம். மூன்று வார உழைப்பை ஒரு பூனையின் தலையில் கட்டி, கணவனின் கிண்டலையும் சிரித்து வாங்கிக்கொண்டு, ஒரு வருடமாக அதைக் காப்பாற்றியிருக்கிறாள். குழந்தைகளால் ஆகிற காரியமா இது? மாணவிக்குப் பயம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

தாரியுஷ் மெஹர்ஜுயி என்ற ஈரானிய இயக்குநர் 1993-ல் இதை 'சாரா' என்று படமாக எடுத்தபோது இந்த இரவு வேலையைக் கேமராவின் முன்னால் கொண்டுவந்தார். அவர் கதாநாயகி கடனை அடைக்க ரகசியமாகத் தையல் வேலை செய்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள். சினிமாவில் அப்படிக் காட்டலாம். மேடையில் இப்சன் அதைக் கணவன் வாயாலேயே, அவனுக்கே புரியாமல், சொல்லவைத்தார். எனக்கு மேடைதான் உசத்தியாகத் தெரிகிறது.

இந்தக் 'குழந்தை நோரா' எங்கிருந்து வந்தாள்? நாடகப் பிரதி மட்டும் கையில் இருந்தால் இவளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அரங்கம்தான் அவளை வளர்த்தது. கோபன்ஹேகனில் முதன்முதலில் நோராவாக நடித்த பெட்டி ஹென்னிங்ஸ் பாலே பயின்றவர், துறுதுறுப்பான இளம்பெண் வேடங்களுக்குப் பேர்போனவர். ஜெர்மனியில் 1880-ல் ஹெட்விக் நீமன்-ராபே என்ற நடிகை, பிள்ளைகளை விட்டுப்போக மாட்டேன் என்று அடம்பிடித்தார். பிறர் கைவைத்துக் கெடுப்பதற்கு முன் தானே கெடுத்துவிடலாம் என்று இப்சன் வேறு ஒரு முடிவை எழுதிக் கொடுத்தார்: ஹெல்மர் அவளைப் பிள்ளைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துப் போகிறார், அவள் அங்கேயே தளர்ந்து விழுகிறாள். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே திட்டினார். இங்கிலாந்தில் 1884-ல் இதைத் தழுவி வந்த நாடகத்துக்கு 'வண்ணத்துப்பூச்சியை நசுக்குவது' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதில் கணவன் பெருந்தன்மையாகப் பழியை ஏற்றுக்கொள்கிறான். பூச்சி வீட்டோடு இருந்துவிடுகிறது. கைடில் இருக்கும் நோரா இந்தப் பூச்சியின் வம்சம். முடிவை மட்டும் மாற்றியவர்கள் என்று இவர்களைச் சொல்கிறோம். தொடக்கத்தை முதலில் மாற்றிப் படித்ததால்தான் முடிவு அவர்களுக்குத் தாங்கவில்லை என்பது என் எண்ணம்.

நிஜத்தில் இந்தக் கதைக்கு விதையான பெண் யார் என்பதும் ஊரறிந்தது. லாரா கீலர். காசநோய் வந்த கணவனைத் தெற்கே அழைத்துப் போக ரகசியமாகக் கடன் வாங்கினார். விஷயம் வெடித்தபோது கணவன் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தான். இப்சன் அவரை வானம்பாடி என்று கூப்பிடுவார். அந்த வானம்பாடி, 1869-ல், இருபது வயதை ஒட்டி, இப்சனின் 'பிராண்ட்' நாடகத்துக்கு மறுமொழி போல ஒரு நூலையே வெளியிட்ட எழுத்தாளர். அறைக்குள்ளிருந்து ஹெல்மர் முதலில் உச்சரிக்கும் செல்லப்பெயர் இப்சனின் சொந்தச் செல்லப்பெயர் என்றால், அந்தப் பெயருக்கும் ஆளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று வைத்தவருக்கே தெரிந்திருந்தது. ஹெல்மரைக் கேலி செய்யும்போது இப்சன் தன்னையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது.

எதிர்த்தரப்பின் கையில் நல்ல ஆயுதங்கள் இரண்டு உண்டு. அவற்றைச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

ஒன்று, நோராவின் வாக்குமூலம். கடைசிக் காட்சியில் அவளே சொல்கிறாளே, அப்பா வீட்டில் பொம்மைக் குழந்தை, இங்கே பொம்மை மனைவி என்று? சொல்கிறாள். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறாள்: உங்களுக்கு வித்தை காட்டியே பிழைத்தேன் என்பது அதன் சாரம். பொம்மை வித்தை காட்டாது. காட்டுகிறவளுக்கு வித்தை தெரிந்திருக்கவேண்டும், பார்க்கிறவர் ருசி தெரிந்திருக்கவேண்டும், சோறு எந்த வித்தைக்குக் கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். எட்டு வருட வேலையை அவள் அன்று ராஜினாமா செய்கிறாள். ராஜினாமாக் கடிதத்தை ஞானோதயம் என்று படிக்கிறோம்.

இரண்டாவது ஆயுதம் இன்னும் கூர்மையானது. மாணவியின் விடையையும் அது குத்துகிறது. இதுவரை எவ்வளவு அடைத்திருக்கிறாய் என்று தோழி கேட்கும்போது நோராவிடம் பதில் இல்லை. இந்த மாதிரி விவகாரங்களில் கணக்கு வைத்துக்கொள்வது கடினம், சுரண்டி எடுக்க முடிந்ததையெல்லாம் கட்டினேன் என்கிறாள். அப்படியானால் கணக்குப் பார்க்கிறவள் நோரா என்ற வரி நிற்குமா? பாதிதான் நிற்கும். அவளிடம் பேரேடு இல்லை. கணவன் கண்ணில் படக்கூடிய எதையும் வீட்டில் எழுதி வைக்க முடியாதவள் பேரேடு எப்படி வைத்திருப்பாள் என்று நான் கேட்பேன். ஆனால் அது என் ஊகம். நாடகம் காட்டுவது வேறு வகைக் கணக்கு. துணிமணிக்குக் கொடுத்த பணத்தில் பாதியை ஒதுக்குகிறாள். எப்போதும் மலிவானதை வாங்கி உடுத்துகிறாள். எதை உடுத்தினாலும் அழகாக இருப்பதால் ஹெல்மருக்குத் தெரியவில்லை. வீட்டுச் சாப்பாட்டில் கைவைக்க முடியாது, அவருக்கு நல்ல சாப்பாடு வேண்டும். பிள்ளைகள் துணியில் கைவைக்க மனம் வரவில்லை. மிச்சம் பிடித்ததெல்லாம் அவளுடைய பங்கிலிருந்துதான். கூட்டித் தொகை சொல்லத் தெரியாத பெண். தவணை தவறாமல் கட்டத் தெரிந்த பெண். நம் வீடுகளில் சீட்டுக் கட்டும் எத்தனையோ பேர் இப்படித்தான், அவர்களை யாரும் குழந்தை என்பதில்லை.

மாணவி எல்லை தாண்டும் இடமும் உண்டு. நோரா முதல் காட்சியில் முழுக்க நடிக்கிறாள் என்பது போல எழுதியிருந்தாள். அது சரியில்லை. நோராவுக்கு அந்த வேடம் கொஞ்சம் பிடித்தும் இருக்கிறது. கூலியாளுக்கு இரட்டிப்பாகக் கொடுத்ததில் கணக்கு எதுவும் இல்லை. கை தாராளம், பண்டிகை, கஷ்டகாலம் முடிகிறது என்ற நிம்மதி. கடன் கொடுத்தவர் யாரோ என்று சொன்னதும் வெறும் விளையாட்டல்ல. தனக்கு வேண்டியவர்களைத் தாண்டி உலகம் அவளுக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. இறந்துபோன அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு, அவர் செத்து மூன்று நாள் கழித்த தேதியையும் போட்டு மாட்டிக்கொள்வது அந்த மங்கலில்தான். இவை பெரியவர்களுக்கு இருக்கும் குறைகள். குழந்தை என்று சொல்லி இவற்றை மன்னிப்பது அவளைச் சின்னதாக்குவது.

அப்படியென்றால் மூன்றாம் அங்கத்தில் எதுவும் மாறவில்லையா? மாறுகிறது. மோசடி தெரியவந்தால் ஹெல்மர் முன்னால் வந்து பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வார், தான் அதைத் தடுப்பதற்காக உயிரையே விடவேண்டியிருக்கும் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த அற்புதம் நடக்கவில்லை. மோசடியைச் சொல்லும் கடிதத்தைப் படித்தவுடன் அவர் தன் பெயரைப் பற்றியும் பதவியைப் பற்றியுமே கத்துகிறார். ஆபத்து நீங்கியதும் மன்னித்துவிட்டதாக அறிவிக்கிறார். நோராவுக்குத் தெளிவது தன்னைப் பற்றியதைவிட ஹெல்மரைப் பற்றியது அதிகம். தன் திறமையை எட்டு வருடமாக எந்த மனிதருக்காகச் செலவு செய்தோம் என்பது தெரிகிறது. இது ஏன் திடீரென்று நடக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் காட்டிக்கொடுத்த நொடியில்தான் அவளுக்குத் தெரிய முடியும்.

அந்தக் கடைசிக் காட்சியில் ஹெல்மர் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. ஆயிரம் குரோனைக் கற்பனையில் கடன் வாங்கியே நடுங்கியவர், நாற்பதைப் பத்துப் பத்தாக எண்ணிக் கொடுத்தவர், 4,800 குரோனில் எவ்வளவு அடைத்தாய், எப்படி அடைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கடன் பத்திரம் திரும்பி வந்ததும் கிழித்துக் கணப்பில் போட்டு எரிவதைப் பார்க்கிறார். அவர் உயிரோடு நிற்பது அந்தக் காகிதத்தால். அதில் எத்தனை இரவு வேலை அடங்கியிருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. நம் கைடுகளும் கேட்பதில்லை.

சீன எழுத்தாளர் லூ சுன் கேட்டார். 1923 டிசம்பரில் பெய்ஜிங்கில் பெண்கள் ஆசிரியர் கல்லூரியில், மாணவிகள் முன்னால், வீட்டைவிட்டுப் போன பிறகு நோராவுக்கு என்ன ஆகும் என்று பேசினார். சீன இளைஞர்கள் நோராவை விடுதலையின் தெய்வமாக்கிக்கொண்டிருந்த நேரம். விழித்த உள்ளத்தைத் தவிர அவள் பையில் வேறென்ன இருக்கிறது என்பது அவர் கவலை. பணம் இல்லாவிட்டால் சீரழிவாள், இல்லை திரும்பி வருவாள். பொருளாதார உரிமைதான் முதல் தேவை என்றார். எல்லோரும் கதவைப் பார்த்தபோது அவர் பர்ஸைப் பார்த்தார். அவரிடமும் எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. நோரா விழித்ததே அன்றுதான் என்ற எண்ணம் அவர் பேச்சிலும் இருக்கிறது. பணம் எப்படி வரும், எப்படிப் போகும், ஒரு பெண் அதற்கு என்ன விலை கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் தெரிந்த ஒருத்திதான் வெளியே போகிறாள். தெருவில் அவள் நிலைமை மோசமாகத்தான் இருக்கும். ஆனால் பிரதி எடுக்கும் வேலைக்குக் கூலி எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்.

நண்பரின் கட்சிக்கு வருகிறேன். நாற்பது விடைத்தாள் திருத்துகிறவருக்கு ஒரே மாதிரி விடை வசதி என்பது புரிகிறது. "வெகுளி, வீண்செலவு, பொய், பிறகு விழிப்பு" என்று நான்கு தலைப்பு. தலைப்புக்கு இரண்டரை மதிப்பெண். ஆனால் இந்த நான்கு தலைப்பையும் யார் கொடுத்தது என்று பாருங்கள். செலவாளி என்கிறவர் ஹெல்மர். அப்பனைப் போல விரலிடுக்கில் காசு ஒழுகும் என்கிறவர் ஹெல்மர். தின்பண்டப் பைத்தியம் என்று விரல் ஆட்டுகிறவர் ஹெல்மர். ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி இன்னொரு கதாபாத்திரம் சொல்வதை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது நாடகம் படிப்பதில் முதல் பாடம். 'ஒத்தெல்லோ' நாடகத்தில் வில்லன் இயாகோ சொல்வதை வைத்து டெஸ்டிமோனாவுக்குக் கேரக்டர் ஸ்கெட்ச் எழுதினால் இதே நண்பர் பூஜ்யம் போடுவார். ஹெல்மர் வில்லன் இல்லை, நல்ல வேலையில் இருக்கும் மரியாதைக்குரிய குடும்பத் தலைவர் என்பதால் அவர் சாட்சியம் செல்லுபடியாகிவிடுகிறது.

அந்த விடைத்தாளில் நான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்த பகுதி ஒன்று உண்டு. நண்பர் அதற்குக் கேள்விக்குறி போட்டிருந்தார். நோரா வாங்கி வந்த பரிசுகளைக் கணவனிடம் வரிசையாகக் காட்டுகிறாள். ஈவாருக்குப் புதுத் துணியும் வாளும், பாபுக்குக் குதிரையும் ஊதுகுழலும், எம்மிக்குப் பொம்மையும் தொட்டிலும், வேலைக்காரிகளுக்குத் துணியும் கைக்குட்டையும். கிழவி ஆன்-மரிக்கு இன்னும் கொஞ்சம் கூட வாங்கியிருக்கவேண்டும் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். மாணவி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு சாமர்த்தியமானவள், குறைகிறது என்று தெரிந்தும் கிழவிக்குக் குறைவாகத்தான் வாங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாள்.

ஆன்-மரி நோராவையே வளர்த்த தாதி. இரண்டாம் அங்கத்தில் தெரியவருகிறது: நோராவை வளர்க்க வருவதற்காக அவள் தன் சொந்தக் குழந்தையை வேற்றார் வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். ஏழைப் பெண்ணுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததே பெரிது என்கிறாள். நோரா கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது பிள்ளைகளைப் பற்றி அவ்வளவாகக் கலங்காமல் போக முடிவது உள்ளே ஆன்-மரி இருப்பதால். தன் பிள்ளையை விட்டுவந்தவள் இனி நோரா விட்டுப்போன மூன்றையும் பார்த்துக்கொள்வாள். 'விழிப்பு' என்று தலைப்புப் போட்டு முடித்துவிட்டால் இந்தக் கிழவி யார் கண்ணிலும் படுவதில்லை. நோராவைக் குழந்தை என்று சொல்ல மறுத்த பெண்தான் அவளிடம் இந்தக் கணக்கையும் கேட்டிருக்கிறாள். பெரியவளிடம்தான் கணக்குக் கேட்க முடியும்.